மீன் ஏற்றும் குட்டியானைக்கு ஃபைபர் தரை போட்ட விவரம்

கடலூர் துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு பண்ருட்டி, நெய்வேலி வரை போய்வரும் குட்டியானை எனப்படும் சின்னச் சரக்கு வண்டி. பின்னால் தகரக் கூண்டு. தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க நிறுத்தியும் அடியில் சொட்டு விழவில்லை என்று உறுதியானபிறகு இதை எழுதுகிறோம். இதே வண்டிக்கு முன்பு வேறொரு பட்டறையில் போட்ட ஃபைபர் தரை ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. அப்போதும் இதே வகை ரெசின்தான் (இறுகி ஃபைபராகும் பிசின் திரவம்), இதே மேட்தான் (கண்ணாடி நார் விரிப்பு). வித்தியாசமெல்லாம் அடியிலும் ஓரத்திலும் ஓட்டையிலும்.

முதலில் பழையதைப் பிரித்தது. கிரைண்டருக்கு வேலையே வரவில்லை. பின்கதவுப் பக்கம் உளியை நுழைத்துத் தூக்கியதும் ஃபைபர் முழுப் பாளமாகக் கையோடு வந்தது. அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஏன் கழன்றது என்று தெரிந்துவிடும். தகரத்தின் மேடுபள்ளம் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது, ஆனால் தொட்டால் கண்ணாடி வழவழப்பு. தகரத்தை ஓர் இடத்திலும் அது பிடிக்கவே இல்லை. அச்சின் பள்ளங்களில் ஈரமான துருப்பொடி, அதில் மீன் கழுவிய வாடை.

பாலியெஸ்டர் ரெசின் மரத்தைப் பிடிக்கும், பழைய ஃபைபரைத் தேய்த்துவிட்டுப் போட்டால் பிடிக்கும், இரும்பை நம்பும்படியாகப் பிடிக்காது. அதோடு லோடு ஏறும்போது தகரத் தரை வளையும், வெயிலில் நீளும், ஐஸ் வைத்தால் சுருங்கும். மேலே இருக்கும் ஃபைபர் அதே அளவுக்கு அசையாது. ஓரம் எங்கோ மயிரிழை விலகும். அந்த இடைவெளியில் இறங்கிய உப்புத்தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. மூடி வைத்த ஈரத்தில் தகரம் திறந்து கிடப்பதைவிட வேகமாக அரிக்கும். அந்த வகையில் சரியாகப் பிடிக்காத ஃபைபர் தரை, தரையே போடாமல் விடுவதைவிட மோசம்.

ஆகவே இந்தமுறை தகரத்துக்கு எபாக்சி பிரைமர் (இரும்பைப் பிடிக்கும் அடிப்பூச்சு), அதன்மேல் மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை), அந்த மரத்தின்மேல் ஃபைபர் என்று முடிவானது.

தகரத்தைத் தயார்செய்தல்

கூண்டு முழுக்க நல்ல தண்ணீரில் அழுத்தமாகக் கழுவிக் காயவிட்டு, மறுபடியும் கழுவ வேண்டும். துருவுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். கழுவிக் காய்ந்த தகரத்தில் மறுநாள் காலை வெள்ளையாகப் பூத்திருந்தாலோ ஈரமாகக் கசிந்திருந்தாலோ உப்பு இன்னும் போகவில்லை என்று அர்த்தம். இந்த வண்டியில் பின்பக்க இரண்டு மூலையும் அப்படித்தான் இருந்தன.

நான்கு அங்குலக் கிரைண்டரில் கம்பிப் பிரஷ் மாட்டித் துருவை எடுத்தபின், ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்ததில் மூன்று இடம் பொத்தல். 16 கேஜ் தகரம் வெட்டி வெல்டு வைக்கப்பட்டது. வெல்டிங், கிரைண்டிங் எல்லாம் ரெசினும் தின்னரும் வண்டிப்பக்கம் வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு வெல்டு வைக்கவும். தரைக்குக் கீழே டீசல் டாங்க், பிரேக் பைப், வயரிங் எங்கெங்கே போகிறது என்று படுத்துப் பார்த்துச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளாமல் டிரில்லைக் கையில் எடுக்கக் கூடாது.

துருவை மாற்றும் பாஸ்பாரிக் திரவம் ஒரு கோட், கழுவிக் காய்ந்ததும் இரண்டு பாக எபாக்சி பிரைமர் இரண்டு கோட். எபாக்சி தகரத்தோடு நிற்கட்டும். அதன்மேல் நேராகப் பாலியெஸ்டர் போட்டால் சரியாகப் பிடிக்காது. பாலியெஸ்டர்மேல் எபாக்சி பிடிக்கும், எபாக்சிமேல் பாலியெஸ்டர் சந்தேகம். இந்த வரிசையை மாற்றிச் செய்து உரிந்துபோன வேலைகள் நிறைய.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

பிளைவுட் வெட்டுவதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். காலி வண்டியில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தூக்கி நிற்கும், தண்ணீர் முன்னால் ஓடும். லோடு ஏறினால் பின்பக்கம் தாழும், தண்ணீர் பின்னால் வரும். ரசமட்டம் வைத்ததில் காலி வண்டியில் 7 அடி நீளத்துக்கு முன்பக்கம் 20 மி.மீ. இறக்கம் இருந்தது. பின்னால் மட்டும் வடிகால் வைத்தால், வண்டியைக் கழுவிவிட்டு நிறுத்தும் ஒவ்வொரு இரவும் முன்மூலையில் தண்ணீர் தேங்கும். அதனால் பின்னால் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று, முன்னால் ஓட்டுநர் பக்கம் ஒன்று என மூன்று வடிகால்.

வடிகாலுக்கு பி.வி.சி. பைப்பை நேராகப் பதிக்கக் கூடாது. ரெசின் அதைச் சரியாகப் பிடிக்காது, பைப்பைச் சுற்றித்தான் கசிவு தொடங்கும். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு பக்கம் ஃபைபர் படகு பார்க்கிற ஆட்கள் செய்வதுபோல வடிகால் குழாயையும் ஃபைபரிலேயே செய்துகொள்வது நல்லது. 25 மி.மீ. பி.வி.சி. பைப்மேல் ரெசின் ஒட்டாத வழவழப்பான பாலியெஸ்டர் ஷீட்டைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட்டை ரெசினில் நனைத்து இரண்டு சுற்று. மறுநாள் பைப்பை உருவினால் ஃபைபர் குழாய் தயார். 80-ஆம் நம்பர் உப்புத்தாளில் வெளிப்பக்கத்தைத் தேய்த்து, தரை போடும்போது அதோடு சேர்த்து மேட் போட்டுவிட்டால் தரையும் குழாயும் ஒரே உடம்பு.

பிளைவுட்

கூண்டின் உள்ளளவு 7 அடிக்கு 4¾ அடி. ஐ.எஸ். 710 முத்திரை உள்ள 12 மி.மீ. மரைன் பிளை 8×4 இரண்டு ஷீட். ஒன்று தரைக்கு. அகலத்தில் மிஞ்சும் ¾ அடிப் பட்டையும், சுவரோரம் ஆறு அங்குல உயரத்துக்கு நிற்கும் பட்டைகளும் இரண்டாவது ஷீட்டிலிருந்து. ஐ.எஸ். 303 பிளைவுட் விலை குறைவு, ஆனால் அது பொது உபயோகத்துக்கு. மீன் வண்டியின் தரைக்கு அதை வாங்கி மிச்சம்பிடிக்க வேண்டாம்.

வெட்டி, ஒருமுறை பொருத்திப் பார்த்து, எல்லா ஓட்டையும் போட்டபின் ஷீட்டை வெளியே எடுத்து அடிப்பக்கத்துக்கும் நான்கு வெட்டு ஓரத்துக்கும் ரெசின் இரண்டு கோட். முதல் கோட்டில் பத்துக்கு ஒரு பாகம் ஸ்டைரீன் (ரெசினை இளக்கும் திரவம்) சேர்த்து நீர்க்கச் செய்தால் மரம் இழுத்துக்கொள்ளும். வெட்டு ஓரம் எவ்வளவு குடித்தாலும் குடிக்கட்டும், பளபளப்பு நிற்கும்வரை தடவவும். போல்ட் ஓட்டையை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டு, ரெசின் பட்டியால் (ரெசினில் பவுடர் கலந்த பசை, செய்முறை கீழே) அடைத்து, இறுகியதும் அதன் நடுவில் சரியான சைஸில் மறுபடி ஓட்டை போட வேண்டும். போல்ட் மரத்தைத் தொடாமல் பட்டிக்குள் நிற்கும். பிற்காலத்தில் போல்ட் வழியே ஈரம் இறங்கினாலும் மரத்துக்குப் போகாது.

தகரத்தின் மேடுகளில் பி.யு. சீலன்ட் (ரப்பர்போல இறுகும் பாலியூரித்தேன் பசை) வரி போட்டு, ஷீட்டை அழுத்தி, 6 மி.மீ. ஸ்டீல் போல்ட் 9 அங்குலத்துக்கு ஒன்று. தலை உள்ளே இறங்கி உட்கார வேண்டும். தகரத்தின் பள்ளங்களைச் சீலன்ட்டால் நிரப்பிவிடக் கூடாது. ஐஸ் ஏற்றிய வண்டியில் தரையின் அடிப்பக்கம் வியர்க்கும், அந்த ஈரம் பள்ளம் வழியே பின்னால் வெளியேற வேண்டும். ஷீட்டுகளின் இணைப்பில் 3 மி.மீ., சுவரோரம் 5 மி.மீ. இடைவெளி விட்டுப் பட்டியால் நிரப்பவும். சுவர்ப் பட்டையின் மேல் விளிம்பைச் சரிவாகச் சீவிவிட்டால் அங்கே தண்ணீர் நிற்காது.

குளிர் காக்க அடியில் ஏதாவது வைக்க விரும்புபவர்கள் பலர் தெர்மாகோலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஒரு துளி ஒழுகினால் அந்த இடத்தில் குழிதான். வைப்பதானால் பஃப் ஷீட் (பாலியூரித்தேன் நுரைப் பலகை).

மூலை

மேட் செங்கோணத்தில் மடியாது. மடித்து அழுத்தினாலும் உள்ளே காற்று நிற்கும், அந்த இடம் முட்டை ஓடுபோல நொறுங்கும். தரையும் சுவரும் சேரும் இடமெல்லாம் முதலில் பட்டியால் வளைவு கொடுக்க வேண்டும். ரெசினில் டால்க் பவுடர் சேர்த்து, சப்பாத்தி மாவுக்குச் சற்று இளக்கமாக, நறுக்கிய மேட் நார் ஒரு பிடி போட்டுப் பிசைந்தால் பட்டி. மூலையில் வைத்து, 40 மி.மீ. பி.வி.சி. பைப் துண்டை அதன்மேல் இழுத்தால் 20 மி.மீ. வளைவு ஒரே சீராக வரும். பின்வாசல் விளிம்பில் பிளைவுட்டின் முனையை உருட்டித் தேய்த்து, ஃபைபர் அதைத் தாண்டிக் கீழே 40 மி.மீ. மடிந்து இறங்கும்படி வைக்கப்பட்டது. பழைய தரை முதலில் விட்ட இடம் இந்த விளிம்புதான்.

ரெசின் கலப்பதும் கடற்காற்றும்

ரெசினை இறுகத் தூண்டும் கோபால்ட் கரைசல் கலந்தே ரெசினை வாங்கியது வசதியாயிற்று. தனியாக வாங்கினால் முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிவிட்டு, அதன்பிறகே ஹார்டனர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்). கோபால்ட்டும் ஹார்டனரும் நேருக்குநேர் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில்கூட வைக்க வேண்டாம், இரண்டுக்கும் ஒரே அளவுக்குப்பியும் வேண்டாம். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் ஊற்ற வேண்டும், பட்டுவிட்டால் உடனே பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடலூரில் மாசி, பங்குனியில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் இந்த வேலைக்கு நேரம். அதற்கு முன் பனி ஈரம். மதியம் கடற்காற்று ஏறியதும் காற்றில் ஈரம் கூடும். ஈர மரத்தில் போட்ட ரெசின் பால்போல வெளுத்து, இறுகியும் இறுகாமலும் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். எண்ணெய்க் கையும் ஆகாது. கண்ணாடி நார் அரிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கம் உண்டு, அந்தக் கை பட்ட இடத்தில் மேட் பிடிக்காது. முழுக்கைச் சட்டையும் உறையும் போதும்.

கிலோவுக்கு 10 மி.லி. ஹார்டனர். ஊசி கழற்றிய சிரிஞ்சில் அளக்கலாம். முதலில் 100 கிராமுக்கு 1 மி.லி. கலந்து கடிகாரத்தைப் பார்த்ததில் அந்த வெயிலில் பதினெட்டு நிமிடத்தில் ஜெல்லியானது. அதனால் ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்கவில்லை. நேரம் கிடைக்கட்டும் என்று ஹார்டனரைக் கிலோவுக்கு 8 மி.லி.க்குக் கீழே இறக்கக் கூடாது, அது கடைசிவரை முழுதாக இறுகாது. நேரம் வேண்டுமென்றால் கலவையைக் குவளையில் வைக்காமல் அகலத் தட்டில் பரப்பி வைக்கவும். குவளையில் மிஞ்சியது சூடேறிப் புகைய ஆரம்பித்தால் வெளியே மணலில் வைத்துவிட வேண்டும்.

மூடிய கூண்டுக்குள் ஸ்டைரீன் வாடை தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். கதவு முழுக்கத் திறந்து, ஃபேனை வெளியே தள்ளி வைத்து உள்ளே காற்று அடிக்க விடவும். துணி மாஸ்க் இதற்கு உதவாது. ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்தான் வேண்டும். பீடி, சிகரெட் இருபதடி தள்ளி.

மேட் போடுதல்

தரைக்கு 450 கிராம் மேட், அதன்மேல் 600 கிராம் ஊவன் ரோவிங் (நெய்த கண்ணாடி நார்த் துணி), மறுபடி 450 கிராம் மேட். சுவர்ப் பட்டைக்கு 450 மேட் இரண்டு. எல்லாவற்றையும் முன்கூட்டியே வெட்டி எண் போட்டு அடுக்கிவைத்த பிறகே முதல் ரெசின். மேட்டின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் நார் பிரிந்து மெலிந்து முடியும், 50 மி.மீ. ஏற்றிப் போடும் இணைப்பு மேடு தட்டாது. ஒரு அடுக்கின் இணைப்புமேல் அடுத்த அடுக்கின் இணைப்பு வரக் கூடாது.

முதலில் மரத்தில் ரெசின், அதன்மேல் மேட், அதன்மேல் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ரெசின். இழுத்துத் தடவினால் நார் பிரஷ்ஷோடு வரும். தடவியதும் இரும்பு ரோலரை எடுக்காமல் இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். மேட்டின் நாரைக் கட்டியிருக்கும் பசை ஸ்டைரீனில் கரைய அந்த நேரம் தேவை. கரைந்ததும் விறைப்பாக நின்ற மேட் தளர்ந்து படிந்துவிடும், வெள்ளை மறைந்து அடியில் மரத்தின் ரேகை தெரியும். அப்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு ரோலர் ஓட்டினால் காற்று சிறுசிறு வெடிப்புச் சத்தத்தோடு வெளியேறுவது கேட்கும். வெள்ளைப் புள்ளி எங்கே தெரிகிறதோ அங்கே காற்று இருக்கிறது, அல்லது ரெசின் போதவில்லை. குளம் கட்டி மின்னினால் ரெசின் அதிகம், அந்த இடம் பின்னால் கீறும்.

மேட்டின் எடையைப்போல இரண்டேகால் மடங்கு ரெசின், ரோவிங்குக்கு அதன் எடைக்குச் சமம். இந்தக் கணக்கில் மேட்டுக்கும் ரோவிங்குக்கும் 12 கிலோ, பூச்சுக்கும் பட்டிக்கும் 3 கிலோ, ஆக 15 கிலோ. தரை கிட்டத்தட்ட 3 மி.மீ. கனம் வந்தது. மூன்று அடுக்கும் ஒரே நாளில், அடி அடுக்கு ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததைப் போட்டு முடிக்க வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் 80-ஆம் நம்பரில் தேய்த்து, அசிட்டோனால் துடைத்துவிட்டுத்தான் தொடரலாம்.

மேல்பூச்சுக்கு ஜெல்கோட் (நிறம் சேர்த்த கெட்டி ரெசின்) இரண்டு கோட், 2½ கிலோ. காற்றுப் படும் பாலியெஸ்டர் மேற்புறம் பிசுபிசுப்பாகவே நிற்கும், அதனால் கடைசிக் கோட்டில் மெழுகுக் கரைசல் கலந்தாக வேண்டும். முந்தைய கோட்டில் கலந்தால் அடுத்தது பிடிக்காது. வழுக்காமலிருக்க, கதவிலிருந்து உள்ளே போகும் நடுப்பட்டையில் மட்டும் முதல் கோட் ஈரமாக இருக்கையில் சலித்த ஆற்றுமணல் தூவப்பட்டது. கடல்மணலில் உப்பு, அது வேண்டாம். தரை முழுக்கத் தூவினால் மீன் செதில் அதில் மாட்டிக்கொண்டு கழுவ வராது. நிறத்துக்கு வெளிர்சாம்பல். விரிசலும் அழுக்கும் உடனே கண்ணில் படும்.

தண்ணீர் நிறுத்திப் பார்த்தது

மூன்று நாள் கழித்து வடிகாலை அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர், ஏறக்குறைய 80 லிட்டர். அடியில் செய்தித்தாள் விரித்து, இணைப்புகளில் டால்க் பவுடர் பூசினால் ஒரு சொட்டுகூடக் கோடாகத் தெரியும். சில மணி நேரத்தில் பின்பக்க இடது மூலையில் ஈரக் கோடு இறங்கியது. தரையில் குறையில்லை. கதவுக் கீலின் போல்ட் சுவர்ப் பட்டையைத் துளைத்து வெளியே போகிறது, பழைய போல்ட் ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. கழற்றி, பெரிதாக்கி, பட்டி அடைத்து, மறுபடி ஓட்டை போட்டு, பி.யு. சீலன்ட் வைத்து முறுக்கியதும் அடுத்த சோதனையில் தாள் காய்ந்தே இருந்தது.

செலவு, வாங்கியபோதிருந்த விலையில்: பிளைவுட் 6,700, ரெசின் 2,850, சீலன்ட் ஆறு குழாய் 2,100, வெல்டிங் 1,500, மாஸ்க், உறை, பிரஷ், ரோலர் 1,200, மேட்டும் ரோவிங்கும் 1,040, ஜெல்கோட் 750, எபாக்சி பிரைமர் 700, போல்ட் 600, அசிட்டோன் 450. மொத்தம் 17,890 ரூபாய், கூலி தனி. வண்டியின் எடை 60 கிலோவுக்குள்தான் கூடியது.

அடுத்த வண்டிக்கு மூன்றை மாற்றுவோம். வடிகால் 25-க்குப் பதில் 40 மி.மீ., செதிலும் ஐஸ் துண்டும் சின்னக் குழாயை அடைக்கின்றன. மேல் அடுக்குக்குச் சாதா ரெசினுக்குப் பதில் ஐசோ ரெசின் (ஐசோப்தாலிக் வகைப் பாலியெஸ்டர்), விலை கூடினாலும் தண்ணீரை அதிகம் தாங்கும். பின்விளிம்பில் ஸ்டீல் பட்டை, ஏனென்றால் மீன் பெட்டியை யாரும் தூக்கி இறக்குவதில்லை, இழுத்துத்தான் இறக்குகிறார்கள்.

முதல் லோடுக்கு முன் ஒரு வாரம் கதவு திறந்து காயவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்டைரீன் வாடை போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். மீன் எப்போதும் பெட்டியில்தான், தரையில் நேராகக் கொட்ட வேண்டாம். மாதம் ஒருமுறை காசால் தரையைத் தட்டிப் பார்க்கலாம். கணீர் என்றால் சரி, பொத்பொத்தென்று கேட்டால் அந்த இடம் அடியில் விட்டிருக்கிறது, வட்டமாகத் தேய்த்தெடுத்து இரண்டு மேட் போட்டால் போதும். கூண்டுக்குள் கொக்கி, விளக்கு என்று யார் புதிதாக ஸ்க்ரூ அடிக்க வந்தாலும், தரையிலும் ஆறு அங்குலப் பட்டையிலும் அடிக்க விடாதீர்கள். அதற்கு மேலே தகரத்தில் அடிக்கட்டும்.